போடிமெட்டுச் சுவரில் வளர்ந்த எண்

தவசி சிலமலைக்காரர். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு இருந்த நிலம் இரண்டு பேருக்குத்தான் சோறு போடும் என்று தெரிந்தபோது, மூன்றாமவரான அவர் வேலை தேடிப் போடிக்கு வந்தார். ஆறாம் வகுப்பு வரை படித்திருந்ததால் மலைச் சாலையின் உச்சியில், போடிமெட்டில் இருந்த சோதனைச் சாவடியில் காவல் வேலை கிடைத்தது.

சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டை, பக்கத்தில் தகரம் வேய்ந்த அறை, அதை ஒட்டி அவரும் மனைவி இருளம்மாளும் குடியிருந்த இன்னோர் அறை. சாவடி என்றால் அவ்வளவுதான். வண்டி வந்தால் நிறுத்தி, அதன் எண்ணையும் ஏற்றியிருக்கும் சரக்கையும் பதிந்துகொண்டு கட்டையைத் தூக்கிவிட வேண்டும். இருளம்மாள் அறை வாசலில் அடுப்பு மூட்டி, வண்டிக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் தவசியின் அத்தை மகள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்கள் அத்தனையும் தெரியும்.

மாநிலங்களைப் பிரித்து வரைந்தபோது மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம் ஆயிற்று. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு கட்டை முளைத்தது. அதற்குக் காவலாகப் பாலா என்ற ஊரிலிருந்து வர்க்கி என்பவர் வந்து சேர்ந்தார். தவசி அவரைச் 'சேட்டா' என்று அழைத்தார். வர்க்கி தவசியை 'அண்ணாச்சி' என்று அழைத்தார். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது.

அன்றைய நாளில் அந்தச் சாலையில் வண்டிகள் குறைவு. மூணாற்றுக்குப் போகும் பஸ், ஏலக்காய் லாரிகள், எஸ்டேட் ஜீப்புகள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் மூடுபனியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இருக்காது.

1957ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் தவசி ஒரு லாரியின் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டார். எண் 3215. பனிக்குள் லாரி போய் மறைந்த பிறகு நினைவிலிருந்து எழுதியதில் முன்பின்னாக 5123 என்று எழுதியிருந்தார். மறுநாள் அதே லாரி இறங்கி வந்தபோதுதான் தவறு தெரிந்தது. திருத்துவதற்காகச் சரியான எண்ணைத் தவறான எண்ணுக்குக் கீழே எழுதினார். இரண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் கை தானாகக் கோடு போட்டுக் கூட்டிவிட்டது. 8338 வந்தது.

அதையே அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். இடப்பக்கமிருந்து படித்தாலும் எட்டு மூன்று மூன்று எட்டு. வலப்பக்கமிருந்து படித்தாலும் அதே.

அடுத்து வந்த பஸ்ஸின் எண் 1253. அதைச் சாவடியில் கிடந்த சிலேட்டில் எழுதி, கீழே திருப்பி 3521 என்று எழுதிக் கூட்டினார். 4774. மறுபடியும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அதற்கு அடுத்து வந்த ஜீப்பு 5280. அதைத் திருப்பிக் கூட்டினால் 6105 என்றுதான் வந்தது. முதலில் வந்த இரண்டும் தற்செயல்தான் போலிருக்கிறது என்று சிலேட்டை வைக்கப் போனவருக்கு, வந்த விடையையே இன்னொரு முறை திருப்பிக் கூட்டினால் என்ன என்று தோன்றியது. 6105உடன் 5016. 11121 வந்தது. அதையும் திருப்பிக் கூட்டினார். 23232. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

"இருளம்மா, இங்க வா. இதை முன்னாலருந்து படிச்சாலும் பின்னாலருந்து படிச்சாலும் ஒண்ணுபோல வருது பாரு."

இருளம்மாள் வந்து பார்த்தார். "வந்தா?"

"எல்லா வண்டிக்கும் வருது."

"வண்டிக்காரங்க பார்த்து வாங்கியிருப்பாங்க மாமா."

"அவுக எங்க வாங்குறாக. நம்பரைக் கொடுக்குறது கவர்மெண்டு."

"அப்ப கவர்மெண்டு பார்த்துக் கொடுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பை ஊதப் போய்விட்டார்.

தவசி அப்படி வரும் எண்ணுக்கு 'நேர் நம்பர்' என்று பெயர் வைத்தார். ஒரு எண்ணைத் திருப்பித் திருப்பிக் கூட்டிக்கொண்டே போனால் எங்கேயோ ஓர் இடத்தில் அது 'நேராகிவிடும்'. சில எண்கள் ஒரே வரியில் நேராகும், சில ஐந்தாறு வரி எடுத்துக்கொள்ளும். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

வர்க்கிக்கு இதைச் சொன்னபோது அவர் உடனே ஒட்டிக்கொண்டார். வண்டி ஒன்று வரும்போது அதன் எண் எத்தனை வரியில் நேராகும் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வார்கள். பிறகு கூட்டிப் பார்ப்பார்கள். தோற்றவர் அடுத்து வரும் வண்டிக்கு இரண்டு கட்டைகளையும் தூக்க வேண்டும். மழை கொட்டும்போது அது பெரிய தண்டனை. சில நாட்களில் சென்னை மாநிலத்தின் கட்டையைக் கேரளத்து ஆளும், கேரளத்தின் கட்டையைச் சிலமலைக்காரரும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வர்க்கி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, வலிய நம்பரெல்லாம் வேண்டா. பத்து தொட்டு தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஞான் போட்டு நோக்கி. எல்லாம் வெரசா நேராகும். எண்பத்தொம்பது மாத்திரம் ஆகல. அதைத் திருப்பின தொண்ணூத்தெட்டும் ஆகல. இது தீராது."

"தீராம எங்க போகும் சேட்டா? கொண்டாங்க பார்ப்போம்."

தவசி சிலேட்டை எடுத்தார். 89, 187, 968, 1837. இரண்டு இலக்கமாகத் தொடங்கிய எண் அன்று சாயங்காலத்துக்குள் ஏழு இலக்கம் ஆனது. மறுநாள் ஒன்பது, பத்து. ஒவ்வொரு வரியிலும் நேராகிவிடும் போல ஒரு பக்கம் ஒத்துவரும், நடுவில் வந்து பிசகும். இருபது தடவைக்கும் மேல் திருப்பிக் கூட்டிய பிறகு ஒரு மதியம் சிலேட்டில் இப்படி ஓர் எண் நின்றது: 8813200023188.

தவசி சிலேட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். இருளம்மாளைக் கூப்பிட்டுச் சிலேட்டின் வலப்பக்கம் நிற்கச் சொன்னார். தான் இடப்பக்கம் நின்றார். "உன் பக்கமிருந்து ஒவ்வொண்ணாப் படி. நான் என் பக்கமிருந்து படிக்கிறேன்" என்றார். இருவரும் சேர்ந்து படித்தார்கள். எட்டு, எட்டு, ஒண்ணு, மூணு, ரெண்டு, சைபர், சைபர், சைபர், ரெண்டு. இரண்டு குரலும் கடைசி வரை ஒரே எண்ணைத்தான் சொல்லின.

படித்து முடித்த பிறகு இருளம்மாள் அடுப்புக்குப் போகவில்லை. "ஏன் மாமா இப்படி?" என்று கேட்டார். அந்த விளையாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மழை ஓய்ந்து சாலை காய்ந்தபோது, ஓர் எஸ்டேட்டின் பழைய ராணுவ ஜீப்பு அந்த வழியாக ஓடத் தொடங்கியது. அதன் எண் 196. வர்க்கி நான்கு வரி என்றார். தவசி ஏழு வரி என்றார். இருவருமே தோற்றார்கள். ஏழு வரி தாண்டியது, பத்து தாண்டியது. 89க்கு ஆன அத்தனை வரிகளும் தாண்டின. எண் சிலேட்டின் அகலத்துக்கு வெளியே போய்விட்டது.

எண்பத்தொன்பது முடிந்ததைக் கண்ணால் பார்த்தவர் தவசி. அதனால் இதுவும் முடியும் என்று உறுதியாக நம்பினார். எழுத இடம்தான் வேண்டும். சாவடியிலிருந்து போடிப் பக்கம் இறங்கும் முதல் வளைவு வரை, வண்டி பள்ளத்தில் விழாமலிருக்க இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் கட்டியிருந்தார்கள். அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். வண்டி இல்லாத நேரமெல்லாம் எழுதினார். கூட்டல்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சுவரோடு இறங்கிப் போயின. ஏறி வரும் வண்டிகள் அந்த வளைவில் எப்படியும் மெதுவாகத்தான் வரும். பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன தவசியண்ணே, இன்னும் நேராகலையா?" என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள்.

"வர்ற மாதிரி இருக்கு. பார்ப்போம்" என்பார் அவர்.

இருளம்மாள் ஒரு நாள் கேட்டார், "இது முடிஞ்சா என்ன மாமா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

"பிறகு எதுக்கு?"

தவசி யோசித்தார். "ரோட்டுல வர்ற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, எங்க போறேன்னு கேக்குறதுதான் என் சோலி. இதையும் எங்க போறேன்னு கேக்குறேன். அவ்வளவுதான்."

அந்த வருடம் அரிசி மூட்டைகள் திருட்டுத்தனமாக மலையேறி அந்தப் பக்கம் போவதாக ஒரு பேச்சு இருந்தது. போடிமெட்டுச் சாவடியில் சுவர் முழுக்க ரகசியக் கணக்கு எழுதியிருக்கிறது, கேரளத்துக் காவலாளி தினமும் வந்து அதைப் படித்துவிட்டுப் போகிறான் என்று யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். பங்குனி மாதம் விசாரணைக்காக மதுரையிலிருந்து சுந்தரராஜ் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். நேர்மையானவர், சிரிக்காதவர் என்று பெயர் வாங்கியவர்.

அவர் வந்த நேரம் சரியில்லை. முந்தைய லாரியின் எண்ணில் தோற்றுப்போன வர்க்கி, சென்னை மாநிலத்துக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"யார் நீ?" என்றார் சுந்தரராஜ்.

"வர்க்கி, சாரே. அப்புறத்துக் கேட்டு."

"எங்க கேட்டை நீ எதுக்குத் தூக்குற?"

"ஞான் தோத்துப் போயி, சாரே."

சுந்தரராஜ் ஜீப்பை விட்டு இறங்கினார். தவசி ஓடி வந்து சலாம் வைத்தார். அதிகாரி அவரைத் தாண்டிச் சுவரிடம் போனார். சுவரின் தலைப்பிலிருந்து வளைவு வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது என்னது? மூட்டைக் கணக்கா?"

"இல்லைங்கய்யா. வண்டி நம்பரு."

"இவ்வளவு நீளத்துக்கு எந்த வண்டிக்கு நம்பர் இருக்கு?"

தவசி விளக்க முயன்றார். பயத்தில் சொல் கோணிக்கொண்டது. திருப்புவது, கூட்டுவது, நேராவது என்று அவர் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் இறுகியது. இருளம்மாள் டீப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஐயா, இவர் சொல்றதை நம்ப வேணாம். நீங்களே ஒரு நம்பரை நெனைச்சுக்கிட்டு, நீங்களே கூட்டிப் பாருங்க. நாலஞ்சு வரியில நேராயிரும். இவர் கிட்டயே வர மாட்டார்."

சுந்தரராஜ் அவரைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முன் தட்டில் ஒரு தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார். மதுரையில் அவர் வீட்டின் கதவு எண் 295. அதைத்தான் எழுதினார். தவசியும் வர்க்கியும் சுவரோரமாகத் தள்ளி நின்றார்கள்.

முதல் வரி முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எதுவும் நேராகவில்லை.

"நாலஞ்சு வரின்னு சொன்னீங்களேம்மா" என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

இருளம்மாள் தவசியைப் பார்த்தார். எத்தனையோ எண்கள் கிடக்க, நேராகாத ஒன்றா இவர் கையில் மாட்ட வேண்டும் என்று தவசி மனசுக்குள் புழுங்கினார். "இப்ப எதுல நிக்குதுங்கய்யா?" என்று மெல்லக் கேட்டார்.

"பதிமூவாயிரத்து எழுநூத்தி எண்பத்து மூணு."

தவசி சுவரின் பக்கம் திரும்பினார். அந்த எண் அவருக்குத் தெரியும். அதை அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது 295க்கு இல்லை, 196க்கு.

"ஐயா, அடுத்தது ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூத்திப் பதினாலு வரும்."

சுந்தரராஜ் அந்த வரியை இன்னும் கூட்டவில்லை. கூட்டினார். 52514. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சுவத்துல இருக்குங்கய்யா."

தாளை எடுத்துக்கொண்டு அவர் சுவரிடம் வந்தார். தலைப்பில் 196, அதன் கீழ் 691, கூட்டினால் 887. அவர் தாளில் 295, அதன் கீழ் 592, கூட்டினால் அதே 887. அடுத்து இரண்டிலும் 1675. அடுத்து இரண்டிலும் 7436. வேறு வேறு இடத்தில் புறப்பட்ட இரண்டு எண்கள் முதல் அடியிலேயே ஒரே பாதையில் விழுந்திருந்தன. இந்த மலைக்கு அதற்குமுன் வந்தே இராத அவர் எழுதிய கூட்டல், முன்பின் தெரியாத ஒருவரின் கரி எழுத்தில் ஏற்கெனவே சுவரில் காத்திருந்தது.

"இது எப்படி?" என்றார். விசாரணைக் குரல் இல்லை அது.

"எனக்கும் தெரியலைங்கய்யா. இப்பத்தான் பார்க்கிறேன்."

சுந்தரராஜ் சுவரின் மேல் தாளை வைத்துத் தொடர்ந்து கூட்டினார். ஒரு வரி முடிந்ததும் சுவரைப் பார்ப்பார், ஒத்திருந்தால் இரண்டடி நகர்வார். தவசி, வர்க்கி, இருளம்மாள் மூவரும் பின்னால் நகர்ந்தார்கள். மூணாறு பஸ் வந்து நின்றது. கட்டையைத் தூக்க ஆளில்லாததால் ஓட்டுநரும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். 94039 ஒத்தது. 187088 ஒத்தது. 60744805 வரைக்கும் எல்லாம் ஒத்தன.

அடுத்த வரியில் ஒத்துப்போகவில்லை. தாளில் 111589511. சுவரில் 111588511.

"இங்க மாறுது" என்றார் சுந்தரராஜ். குரல் மறுபடி இறுகியது. "இதுவரைக்கும் கணக்கு. இங்கிருந்துதான் உன் சொந்தச் சரக்கா?"

தவசி சுவரின் முன் குந்தி உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டினார். எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தை எழுதியிருந்தார். மிச்சம் ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், கொண்டுபோகவில்லை. நாலும் நாலும் எட்டு என்று எழுதியிருந்தார். ஒன்பது வந்திருக்க வேண்டும்.

அவர் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்திலிருந்து வளைவு வரைக்கும் சுவர் நெடுக ஓடிய எண்களைப் பார்த்தார். மழைக்குப் பின்னால் தொடங்கி இத்தனை நாளாக எழுதியவை.

"இதுக்குப் பெறகு எழுதுனது பூரா தப்புங்கய்யா" என்றார். "நான் வேற எதையோ பின்னால பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன்."

வர்க்கி அவர் தோளில் கை வைத்தார். கள்ளக் கணக்கு எழுதுகிறவன் ஒரு கூட்டல் பிழைக்காக அப்படி உட்கார மாட்டான் என்று அப்போதுதான் தனக்கு உறுதியானது என்று சுந்தரராஜ் பிற்பாடு தன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் பேனாவை மூடினார். "ஒன்பதை வச்சுச் சரிபார்க்கிற பழக்கம் கிடையாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்கய்யா."

சுந்தரராஜ் சொல்லிக்கொடுத்தார். ஓர் எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும்; ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவதும் அதுதான். 196க்கு ஒன்றும் ஒன்பதும் ஆறும் பதினாறு. ஒன்றும் ஆறும் ஏழு. திருப்பி எழுதினாலும் இலக்கங்கள் அதேதான், ஆகவே அதற்கும் ஏழு. இரண்டும் சேர்ந்து பதினாலு, அதாவது ஐந்து. கூட்டி வந்த விடைக்கும் ஐந்துதான் வர வேண்டும். 887க்கு வருகிறதா என்று பார். வந்தது. இப்போது பிழையான வரியைப் பார். 60744805க்கு ஏழு. ஆகவே அடுத்ததற்கு ஐந்து வர வேண்டும். சுவரில் இருந்த எண்ணுக்கு நாலு வந்தது.

"ஒவ்வொரு வரிக்கும் இதைப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆமாங்கய்யா" என்றார் தவசி. உடைந்துபோயிருந்தவர் முகத்தில் ஏதோ கூடி வந்தது. "அப்படின்னா இது இன்னும் முடியலை. சரியான வழியில போனா எங்கயாவது நேராகியிருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"ஐயா நம்பரும் என் நம்பரும் எப்படிங்கய்யா ஒரே இடத்துல வந்து விழுந்துச்சு?"

சுந்தரராஜ் மறுபடி பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். "யோசிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்போது அவர் மறுபடியும் அதிகாரி ஆனார். அரசாங்கச் சுவரில் கரி கூடாது, உடனே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கேரளத்து ஆள் இந்தக் கட்டையைத் தொடக் கூடாது. புகாரில் உண்மை இல்லை, சுவரில் இருந்தது வெறும் கூட்டல் கணக்கு என்று தான் எழுதிவிடுவதாகவும் சொன்னார். இருளம்மாள் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலையில் தவசி வாளியில் சுண்ணாம்பு கரைத்து, வளைவுப் பக்கமிருந்து தென்னை மட்டையால் அடித்துக்கொண்டே வந்தார். பிழையான எண்கள் மறைவதில் அவருக்கு வருத்தமில்லை. சுவரின் தலைப்புக்கு வந்தபோது 196, 691, 887 என்ற மூன்று மட்டும் மிச்சம் இருந்தன. மட்டையை ஓங்கியவர் நிறுத்தினார்.

ஓரத்தில் இருக்கும் ஒன்றும் ஆறும் ஏழு. அதிகாரியின் எண்ணில் ஓரத்தில் இரண்டும் ஐந்தும், அதுவும் ஏழு. நடுவில் இரண்டுக்கும் ஒன்பது. திருப்பிக் கூட்டும்போது ஓரத்து எண்கள் இரண்டும்தான் இரண்டு முனையிலும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஓரம் சேர்ந்து ஏழும் நடுவில் ஒன்பதும் இருந்தால் எந்த எண்ணானாலும் 887இல்தானே விழ வேண்டும்? மூன்றும் நாலும்கூட ஏழுதானே. 394ஐ எழுதி, கீழே 493ஐ எழுதிக் கூட்டினார். 887.

மட்டையை வாளியில் போட்டுவிட்டு வர்க்கியிடம் ஓடினார். இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். 196, 295, 394, 493, 592, 691. ஆறு எண்கள். வர்க்கி தாடியைச் சொறிந்துகொண்டே இருந்துவிட்டு, "அண்ணாச்சி, ஏழும் சைபரும் கூட்டியாலும் ஏழு தன்னே?" என்றார். 790. அதைத் திருப்பினால் முன்னால் சைபர் வந்து வெறும் 97 ஆகிறது. கூட்டினார்கள். 887. ஏழாவது.

ஏன் நேராகவில்லை என்பது அப்போதும் தெரியவில்லை. ஆனால் ஏன் ஒன்றாகச் சேர்கின்றன என்பது தெரிந்துவிட்டது. அன்று தவசி மதியச் சோறு சாப்பிடவே மறந்துபோனார்.

சித்திரை கழிந்து சுந்தரராஜ் அடுத்த சோதனைக்கு வந்தபோது தவசி கட்டையைத் தூக்குவதற்கு முன்பே சொன்னார், "ஐயா, அந்தப் பாதைக்கு ஏழு பேர் வர்றாங்க."

"ஆறு" என்றார் சுந்தரராஜ். "ஓரம் ஏழு, நடு ஒன்பது. வீட்டுல உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்துட்டேன்."

"790ங்கய்யா."

அதிகாரி ஜீப்புக்குள்ளேயே விரலால் தொடையில் எழுதிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததைத் தவசி பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அந்த வழியாக வரும்போதெல்லாம் அரிசி, ஏலக்காய் விசாரணை முடிந்ததும், "எங்க நிக்குது?" என்று கேட்பது அவர் வழக்கமாகிவிட்டது.

196ஐத் தவசி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை சிமெண்டு சாக்கின் உள்தாள்களை வெட்டி ஒட்டி அதில் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் ஒன்பதை வைத்துச் சரிபார்த்தார். அப்படிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. சரிபார்க்கும் எண் ஏழு, ஐந்து, ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று வந்து, மறுபடி ஏழில் தொடங்கி அதே வரிசையில் சுற்றியது. எண் எவ்வளவு பெரிதானாலும் அந்தச் சுற்று மட்டும் மாறவில்லை. எங்கே வரிசை தப்புகிறதோ அங்கே பிழை. இருளம்மாள் அந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டார். டீ ஆற்றிக்கொண்டே, "மாமா, இந்த வரிக்கு ரெண்டு வரணும், வந்துச்சா?" என்று கேட்பார்.

வர்க்கி வேறு வழி பிடித்தார். மூன்று இலக்க எண்களை வரிசையாகச் சோதித்து, நேராகாமல் ஓடுகிற இன்னோர் எண்ணைக் கண்டுபிடித்தார். அது 879. கூட்டினால் 1857, பிறகு 9438, பிறகு 17787. எவ்வளவு தூரம் போனாலும் தவசியின் பாதையோடு அது வந்து சேரவில்லை. "இது என்டெ நம்பரு" என்று அவர் அதை வைத்துக்கொண்டார்.

இருவரும் எவ்வளவோ தூரம் போனார்கள். தவசியின் எண் இருநூறு இலக்கம் தாண்டியது. ஒரு வரி கூட்டவே அரை நாள் ஆயிற்று. அது நேராகவில்லை. முதலிரண்டு வருடம், அடுத்த வரியில் ஆகிவிடும் என்று நம்பினார். பிறகு, ஆகவே ஆகாதோ என்ற எண்ணம் வந்தது. இருளம்மாளிடம் சொன்னபோது அவர் கேட்டார், "ஆகாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அதுக்குத்தான் வழி தெரியலை. நேரானா நின்னுரும், தெரிஞ்சுபோகும். ஆகாதுன்னா நாம எத்தனை வரி போட்டும் தெரியாதுல்ல."

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எவரும் விடை கண்டதில்லை. கணிப்பொறிகளைக் கொண்டு 196ஐக் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை திருப்பிக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது நேராகவில்லை. ஒருபோதும் ஆகாது என்று நிறுவவும் யாராலும் முடியவில்லை. தவசிக்கு அப்போது இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. உலகத்தில் தானும் சேட்டனும் அதிகாரி ஐயாவும் மட்டுமே இதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார்.

பத்தாண்டு முடிவதற்குள் வர்க்கியை வேறு சாவடிக்கு மாற்றினார்கள். தவசி அவரைப் பஸ் ஏற்றிவிட்டார். அப்போதுகூட இருவரும் 879 பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்து தவசிக்கும் மாற்றல் வந்தது. கீழே போடியில், சரக்கு இறக்கும் கிடங்கில் காவல். அங்கே மூடுபனி கிடையாது, நாள் முழுக்க ஆட்களின் சத்தம். ஒரு வரி கூட்டி முடிப்பதற்குள் நாலு பேர் வந்து ஏதாவது கேட்டார்கள். இதற்கிடையில் பிறந்த மூத்த மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் அவர் சாக்குத்தாளைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

"விட்டுட்டியா மாமா?" என்றார் இருளம்மாள்.

"நான்தான் நிறுத்தியிருக்கேன். அது பாட்டுக்கு இருக்கும்."

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மதுரையிலிருந்து வரும் ரயிலில் சரக்குப் பெட்டிகள் வந்தன. அவற்றின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் நீள நீளமான எண்கள் எழுதியிருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார். பெட்டிகளின் எண்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் திருப்பிக் கூட்டிக்கொண்டே நடப்பார். வீட்டுக்கு வருவதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். இருளம்மாள் தட்டை வைத்துக்கொண்டே, "இன்னைக்கு எது?" என்று கேட்பார். தவசி கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, அன்றைய எண்ணைச் சொல்வார்.